மொட்டைத் தென்னைப் பனங்காடை

கோட்டைமேடு, கோயமுத்தூர்
12.12.1994

மரியாதைக்குரிய சாந்தாமணி அக்காவுக்கு,

உங்கள் மகன் கதிர்வேல் கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டுடியோக்காரன் அப்துல் முத்தலிப் எழுதுகிறேன். ஆல்பம் தை மாதத்துக்குள் வந்துவிடும். இது வேறு விஷயம்.

மாப்பிள்ளையைப் பந்தலில் நிற்க வைத்துவிட்டு நான் காணாமல் போய்விட்டேன் என்று நீங்கள் சத்தம் போட்டீர்களே, அப்போது நான் கிணற்றுமேட்டில் இருந்தேன். இடி விழுந்து மேல்பாதி முறிந்து, இரண்டாள் உயரத்துக்கு மொட்டையாக நிற்கிறதே ஒரு தென்னை, அதன் உச்சியில் ஒரு பனங்காடை உட்கார்ந்திருந்தது. பார்க்க மண் நிறம்தான். இறக்கையை விரித்ததும் தெரிந்த நீலத்தை, இத்தனை வருஷம் பட்டுச்சேலைகளைப் படம் எடுத்தும் நான் பார்த்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மாப்பிள்ளை மறந்துபோனார்.

எங்கள் புகைப்படச் சங்கத்தில் வருஷா வருஷம் பறவைப் படப் போட்டி வைக்கிறார்கள். காட்டுப் பறவை தானாக வந்து இயற்கையான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கம்பி, குழாய், சுவர், நட்டுவைத்த குச்சி எதுவும் ஆகாது. இரை போட்டு வரவழைக்கக் கூடாது. முந்தின வருஷம் நான் அனுப்பிய கொண்டைக்குருவி, என் வீட்டுக்காரி பக்ருன்னிசா துணி காயப்போடும் கொடியில் உட்கார்ந்திருந்தது. போன வருஷம் மீன்கொத்தி. படம் நன்றாகத்தான் இருந்தது. அது உட்கார்ந்திருந்தது பிளாஸ்டிக் குழாய் என்று பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. செயலாளர் பாலகோபால் அதை மேடையில் வைத்தே சொன்னார்.

பரிசுக்கு அலைகிறேன் என்று நினைக்காதீர்கள். வயிற்றுப்பிழைப்புக்கு நான் ஊரில் உள்ளவர்களையெல்லாம் நிற்க வைத்து, தாடையைத் தூக்கி, சிரிக்கச் சொல்லிப் படம் எடுக்கிறேன். நான் கை வைக்காத ஒரு படம், ஒன்றே ஒன்று எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. பிப்ரவரி முடிவதற்குள் அனுப்ப வேண்டும். அதுவரை அந்த மொட்டைத் தென்னையை வெட்டாமல் இருப்பீர்களா? பொங்கல் கழிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

இப்படிக்கு,
அப்துல் முத்தலிப்


உடுமலைப்பேட்டை
20.12.1994

முத்தலிப் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. பறவையைப் பார்க்கப் போனதாக அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நீங்கள் பீடி குடிக்கப் போனதாக நினைத்துத்தான் சத்தம் போட்டேன்.

ஒரு சந்தேகம். இயற்கையான இடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தென்னையை நட்டது என் மாமனார். தண்ணீர் விட்டு வளர்த்தது நான். என் தோட்டத்தில் தானாக முளைத்தது களை மட்டும்தான், அதையும் நான் விட்டுவைப்பதில்லை. அப்படியிருக்க இது எப்படி இயற்கையில் சேரும்? உங்கள் சங்கத்தாரைக் கேட்டு எழுதுங்கள். பின்னால் என்மேல் பழி வரக்கூடாது.

வெட்டுவதைப் பற்றி. பட்ட தென்னையில் காண்டாமிருக வண்டு குடிபுகும், மற்ற மரங்களின் குருத்தைத் தின்னும் என்று கதிர்வேல் கோடரியைத் தீட்டி வைத்திருக்கிறான். பக்கத்துத் தோட்டத்து மாரப்பன் வேறு, தன் மரத்தில் ஒரு மட்டை காய்ந்தாலும் எங்கள் மொட்டைத் தென்னையைக் கைகாட்டுகிறார். நேற்று வேலியோரம் நின்றுகொண்டு, "ஏனுங்க, அதைய வெச்சு என்ன கோயிலா கட்டப் போறீங்க?" என்றார். "கோயமுத்தூர்ல இருந்து போட்டோ எடுக்க வராங்க. உங்க மரத்தை எடுக்க யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் வந்து எடுக்கும்வரை மரம் நிற்கும். கதிர்வேலிடம் சொல்லிவிட்டேன். பறவைக்கும் உங்களுக்கும் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்கிறேன். தைரியமாக வாருங்கள்.

சாந்தாமணி


கோட்டைமேடு
23.1.1995

அக்காவுக்கு,

நேற்று உங்கள் வீட்டில் நான் போட்ட சத்தம் கொஞ்சம் அதிகம்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் நிலையில் நின்று பாருங்கள்.

விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறி, லென்ஸ் பையைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்து கிணற்றுமேட்டில் ஏறினால், மொட்டைத் தென்னைக்கு அடியிலிருந்து உச்சிவரை சுண்ணாம்பு. அதன்மேல் காவிப் பட்டை. இடுப்பில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வைத்துக் காப்பு. சாமந்தி மாலை தனி. ரயில்வே கேட்டில் நிற்கிறேனா என்று ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை.

அதிலும் பெரிய கொடுமை, பனங்காடை வந்தது. வந்து அந்தக் காவிப் பட்டைக்கு மேலே உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் திரும்பி, வேண்டிய மட்டும் இறக்கையை விரித்துக் காட்டியது. நான் கேமராவைத் தொடவே இல்லை. இந்தப் படத்தைப் பாலகோபாலிடம் காட்டினால் எந்தக் கட்சிக் கொடிக்கம்பம் என்று கேட்பார்.

எதுவும் செய்யாதீர்கள் என்று தெளிவாக எழுதாதது என் தப்புத்தான். இனி எழுதுகிறேன். எதுவும் செய்யாதீர்கள்.

அப்துல் முத்தலிப்


உடுமலைப்பேட்டை
1.2.1995

முத்தலிப் அவர்களுக்கு,

தம்பி என்று எழுத இன்றைக்கு மனம் வரவில்லை.

பொங்கலுக்கு முன்னால் காப்புக் கட்டு அன்று வீட்டுக்கும் மாட்டுக் கட்டுத்தறிக்கும் கிணற்றுக்கும் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் வழக்கம். கோயமுத்தூரிலிருந்து படம் எடுக்க ஒருவர் வருகிறார், அந்த மரம் மட்டும் பஞ்சத்தில் அடிபட்டது மாதிரி நின்றால் எனக்கு மரியாதையா? கதிர்வேல் ஏணியைப் பிடித்தான், நானே ஏறி அடித்தேன். அம்பத்தஞ்சு வயதில் ஏணி ஏறியிருக்கிறேன். நீங்கள் பெண்ணைப் பவுடர் போடாமல் படம் எடுத்திருக்கிறீர்களா? என் மருமகளுக்கு மூன்று தரம் போடச் சொன்னது யார்?

சத்தம் போட்டதுகூடப் பரவாயில்லை. புது மருமகள் பரிமாறிக்கொண்டிருக்கும்போது, ரசத்தோடு இலையை மடித்துவிட்டு எழுந்துபோனீர்களே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மோர் ஊற்ற அவள் சொம்போடு வந்து நிற்கிறாள், எதிரே இலை மூடியிருக்கிறது. "அத்தை, நான் ஏதாச்சும் தப்பா செஞ்சுபோட்டனுங்களா?" என்று அவள் என்னைக் கேட்கிறாள். எங்கள் வீட்டில் கடனைக் கேட்டு வந்து சண்டை போட்டவர்கள்கூட மோர் குடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

கதிர்வேலிடம் வருகிற ஞாயிற்றுக்கிழமை மரத்தை வெட்டிவிடச் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் நிம்மதி, மாரப்பனுக்கும் நிம்மதி.

சாந்தாமணி


கோட்டைமேடு
3.2.1995

என் அன்பான அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் ஞாயிறுக்குள் வராது என்று, உடுமலை போகும் தேங்காய் வியாபாரி பஷீரிடம் கொடுத்தனுப்புகிறேன். வெட்ட வேண்டாம். உங்கள் காலில் விழுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பக்ருன்னிசாவிடம் படிக்கக் கொடுத்தேன். சுண்ணாம்பு வரைக்கும் எனக்காகத்தான் பேசினாள். இலையை மடித்த இடம் வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு புதுப்பொண்ணு முன்னால இலையை மூடிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். நேற்று ராத்திரி என் சோற்றை நானே போட்டுக்கொண்டேன். மருமகளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். ரசம் நன்றாக இருந்தது. கோபம்தான் நன்றாக இல்லை.

பவுடரைப் பற்றிக் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதுதான் அக்கா என் வியாதியே. ஊட்டிக்கு ஹனிமூன் போன ஜோடியைக்கூட, "சார், கொஞ்சம் மேடத்தைப் பார்த்து ஆசையா சிரிங்க" என்று சொல்லித்தான் எடுக்கிறேன். அவர் ஆசையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நான் சொன்னதும்தான் அது போய்விடுகிறது. என் பெட்டி நிறைய நெகடிவ் இருக்கிறது. அத்தனையிலும் எல்லோரும் என் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் குரல் கேட்காத ஒரு முகம், பறவை முகமானாலும் சரி, ஒன்று வேண்டும். அந்தத் தென்னையை விட்டால் இந்த வருஷம் எனக்கு வேறு இடமில்லை.

சுண்ணாம்பைத் தேய்த்துவிட முடிந்தால் 19-ஆம் தேதி வருகிறேன். நோன்பு தொடங்கிவிட்டது. நான் வருகிற நாளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன். ஆகவே இந்தமுறை சாப்பாட்டு விஷயத்தில் உங்களுக்கு மனத்தாங்கல் வர வழியே இல்லை.

உங்கள் தம்பி,
முத்தலிப்


உடுமலைப்பேட்டை
12.2.1995

தம்பிக்கு,

பஷீர் வந்தபோது கதிர்வேல் மரத்தடியில்தான் நின்றுகொண்டிருந்தான். கோடரியை வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். மருமகள் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்தால் எனக்குப் போதும்.

தேங்காய் நாரை வைத்துத் தேய்த்து, மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, சுண்ணாம்பை எடுத்தாகிவிட்டது. மரம் பழையபடி பார்க்கவே பாவமாக நிற்கிறது. உங்களுக்குப் பிடிக்கும்.

ஆனால் தண்ணீரைப் பீய்ச்சியதில் உங்கள் பனங்காடை கோபித்துக்கொண்டு மாரப்பன் தோட்டத்து மின்கம்பிக்குப் போய்விட்டது. நான்கு நாள் அங்கேயே இருந்தது. மாரப்பன் வேலியோரம் வந்து, "உங்க விருந்தாளி எங்கூட்ல இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. கவலைப்படாதீர்கள், இப்போது திரும்பி வந்துவிட்டது. தினமும் காலையில் தவறாமல் வருகிறது. எப்படி என்று கேட்காதீர்கள், வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நோன்பு என்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறொரு கவலை. வீட்டுக்கு வந்தவரைப் பகலெல்லாம் வெயிலில் உட்கார வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் நாங்கள் எப்படி உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவது? போகும்போது கட்டிக்கொடுத்துவிடுகிறேன், பொழுது சாய்ந்ததும் பஸ்ஸில் சாப்பிடுங்கள். மறுத்தால் கோடரி வெளியே வரும்.

சாந்தாமணி


கோட்டைமேடு
6.3.1995

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். 19-ஆம் தேதி எடுத்த படத்துக்கு முதல் பரிசு. பாலகோபாலே கடைக்குப் போன் செய்து, "பாய், இந்த வருஷம் ஒரு குறையும் சொல்ல முடியலைங்க" என்றார். 26-ஆம் தேதி பரிசளிப்பு. அந்தப் படத்தில் பனங்காடை உச்சியில் நின்று, ஒரு இறக்கையைத் தூக்கி, கீழே எதையோ கூர்ந்து பார்க்கிறது. அது என்ன பார்க்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

நேற்றுத் தெரிந்துகொண்டேன்.

பெருநாள் முடிந்ததும் நேரில் வந்து சொல்லி உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்று, பக்ருன்னிசா செய்த பலகாரத்தோடு முதல் பஸ்ஸில் வந்தேன். எனக்காக நீங்கள் கட்டிவைத்த கீற்றுத் தடுப்பு அப்படியே இருந்தது. வீட்டில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்று அதற்குள்ளே போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நீங்கள் ஒரு கூடையோடு வந்தீர்கள். மரத்தடியில் எருக்குழிப் புழுவைக் கொட்டினீர்கள். "வா கண்ணு, மாரப்பன் ஊட்ல என்ன இருக்குது, இங்க வா" என்று கூப்பிட்டீர்கள். அது வந்தது.

என்னால் உங்கள் முன்னால் வந்து நிற்க முடியவில்லை. டப்பாவை மோட்டார் அறைத் திண்டில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அக்கா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். 19-ஆம் தேதியும் போட்டீர்களா?

முத்தலிப்


உடுமலைப்பேட்டை
11.3.1995

தம்பிக்கு,

பலகாரம் பூனை கொண்டுவந்து வைத்ததா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு தூரம் வந்துவிட்டு வீட்டு வாசல் மிதிக்காமல் போனது பெரிய தப்பு. அதைப் பிறகு பேசிக்கொள்கிறேன்.

போட்டேன். 19-ஆம் தேதியும் போட்டேன். அதற்கு முன்னால் பத்து நாளாகப் போட்டேன். முதலில் போட்டது அதை மாரப்பனிடமிருந்து மீட்க. அன்றைக்குப் போட்டது வேறு காரணம். நீங்கள் தடுப்புக்குள் நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் சமையல்கட்டில் சோற்றுப் போசியை வைத்துக்கொண்டு நிற்கிறேன். யாருக்குப் போடுவது? உங்களுக்குப் போட முடியாது. உங்களை வைத்துக்கொண்டு எங்களுக்கும் இறங்கவில்லை. அதனால் நீங்கள் கேமராவுக்கு ஃபிலிம் மாட்டக் குனிந்தபோது போய் அதற்காவது போட்டுவிட்டு வந்தேன். வந்த விருந்தாளிகளில் ஒருவராவது சாப்பிட வேண்டாமா?

இரை போடக்கூடாது என்று நீங்கள் எழுதியிருந்தது ஞாபகம் இருக்கிறது. இரை என்றால் பிடிப்பதற்குப் போடுவது. நான் அதைப் பிடிக்கவில்லை, கூண்டில் அடைக்கவில்லை. எப்படியும் அந்தப் புழுவெல்லாம் வண்டாகாமல் இருக்கக் கதிர்வேல் எருக்குழியைக் கிளறி நசுக்குகிறதுதான். நான் யாரிடமும் சொல்லமாட்டேன். பறவையும் சொல்லாது. நீங்கள் பேசாமல் போய்ப் பரிசை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு சேதி. மொட்டைத் தென்னையில் ஒரு பொந்து இருக்கிறது. இப்போது அதற்குள் இரண்டு பறவை மாறிமாறிப் போய்வருகின்றன. கதிர்வேல் அண்ணாந்து பார்த்துவிட்டு, "குஞ்சு பறக்கட்டுமுங்க" என்று கோடரியைத் தூரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டான்.

சாந்தாமணி


கோட்டைமேடு
27.3.1995

அக்காவுக்கு,

நான் பரிசை வாங்கவில்லை. பரிசளிப்புக்கு முன்பே பாலகோபாலிடம் உள்ளதைச் சொன்னேன். என் கோபத்தையெல்லாம் தாண்டி அவர் சிரித்த சிரிப்புத்தான் இன்னும் காதில் இருக்கிறது. "பறவைக்கு விருந்து வெச்சாங்களா?" என்று நான்கு பேரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பரிசு காரமடைக்காரர் ஒருவருடைய மைனாவுக்குப் போனது. சாதாரண மைனாதான். ஆனால் அதற்கு யாரும் சோறு போடவில்லை.

வருத்தமா என்றால், வருத்தம்தான். இரண்டு நாள் கடையைக்கூட ஒழுங்காகத் திறக்கவில்லை. உங்கள்மேல் கோபமும் இருந்தது. ஆனால் உங்களை நினைத்துக் கோபப்பட ஆரம்பித்தால், போசியோடு நீங்கள் நிற்பது ஞாபகம் வந்து அதுவும் பாதியில் நின்றுவிடுகிறது.

ஒரு விஷயத்தை நான் போன கடிதத்தில் எழுதவில்லை. பலகாரம் கொண்டுவந்த அன்று காலையில் கேமராவோடு தடுப்புக்குள் இருந்தபோது என் விரல் ஒரே ஒரு தரம் பொத்தானை அழுத்திவிட்டது. பறவைக்காகத்தான் கண்ணை வைத்திருந்தேன். அது மரத்திலிருந்து இறங்கியது, கேமரா கூடவே இறங்கியது, நீங்கள் நடுவில் வந்துவிட்டீர்கள். ஃபிலிமைக் கழுவக்கூட மனமில்லாமல் கிடந்தது. முந்தாநாள்தான் கழுவினேன்.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கதிர்வேலின் பழைய சட்டையைச் சேலைமேல் போட்டுக்கொண்டு, கூடையை இடுப்பில் வைத்து, அண்ணாந்து பார்த்து எதையோ சொல்கிறீர்கள். தலைக்குமேல் பனங்காடை முழு இறக்கையையும் விரித்துக்கொண்டு வருகிறது. தாடையைத் தூக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. சிரியுங்கள் என்று சொல்லவில்லை. நான் அங்கே இருப்பதே உங்களுக்குத் தெரியாது.

அக்கா, என் ஆயுசில் நான் கை வைக்காத படம் இது ஒன்றுதான். கேட்காமல் எடுத்ததற்கு மன்னித்துவிடுங்கள். கடை முகப்பில் மாட்டிக்கொள்ள உங்கள் அனுமதி வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றால் மாட்டமாட்டேன்.

உங்கள் தம்பி,
முத்தலிப்


உடுமலைப்பேட்டை
3.4.1995

தம்பிக்கு,

படத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகைதான் வந்தது. இப்படியா எடுப்பது? தலை சீவவில்லை. முகம் கழுவவில்லை. சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை. என்னிடம் நல்ல பட்டுச்சேலையே இல்லையா? ஒரு தரம் இருமியிருந்தால்கூட நான் ஓடிப்போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்திருப்பேன். கோயமுத்தூரில் போகிற வருகிறவர்களெல்லாம் பார்க்கிற இடத்தில் இதை மாட்டவே கூடாது என்று எழுதத்தான் அன்றைக்கே உட்கார்ந்தேன்.

கதிர்வேல் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் அப்பா போனபின் நான் இப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லையாம். எனக்கே தெரியாது நான் சிரித்தேன் என்று. மாரப்பனிடமிருந்து மீட்ட சந்தோஷமாக இருக்கும்.

அதைக் கொண்டுபோய்க் கண்ணாடி போட்டு, மாமனார் மாமியார், இவன் அப்பா எல்லோரும் மாலையோடு வரிசையாக இருக்கிற சுவரில் மாட்டிவிட்டான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "டேய், அந்தச் சுவத்துல உசுரோட இருக்கறவங்களை மாட்டுவாங்களாடா? எடு, நான் போனப்புறம் மாட்டிக்க" என்றேன். "அதுக்கு நீங்க வெறப்பா நிக்கிற படம் வேற இருக்குதுங்கம்மா. இது நீங்க இருக்கறப்ப பாக்கறதுக்கு" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டான்.

வீட்டில் யாரும் இல்லாதபோது நான்கைந்து தரம் போய்ப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கப் பரவாயில்லை என்றுதான் தோன்றுகிறது.

கடையில் மாட்டிக்கொள்ளுங்கள். அடியில் பெயர் எழுதுவீர்களே, அதில் என் பெயரை முதலில் போடுங்கள். பனங்காடையை அப்புறம் போட்டால் போதும்.

உங்கள் அக்கா,
சாந்தாமணி